ரேப்பர் மேல எழுதியிருக்கறத நம்பலாமா? வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ரீசார்ஜபிள் டார்ச் லைட் பத்தி எழுதறப்ப, போற போக்குல "18650 பேட்டரி வாங்கறதுன்னா கொஞ்சம் உஷார்"னு ஒரே ஒரு வரி போட்டேன் (18650ன்னா டார்ச்சுல, லேப்டாப்ல போடற, ரீசார்ஜ் பண்ற உருளை லித்தியம் அயான் செல்), அதுக்கு இவ்வளவு கேள்வி வந்து குவியும்னு நினைக்கல. அதுலயும் பாதிக்கு மேல வெளிநாட்டு வாசகர்கள், வேப் மெஷினுக்கு, அதான் ஈ சிகரெட்டுக்கு, எந்த பேட்டரி போடறதுன்னு கேட்டிருக்காங்க. எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது, யாரையும் பழகிக்கங்கன்னும் சொல்ல மாட்டேன். ஆனா ஏற்கனவே வெச்சிருக்கறவங்க கையில அது வெடிக்கக் கூடாதுல்ல, அதனால இந்த இதழ் முழுக்க பேட்டரிதான்.

கேள்வி (லண்டன், ஹாரோ): சார், ரெண்டு 18650 போடற வேப் மாட், அதான் பேட்டரி மாத்திக்கற மெஷின், வெச்சிருக்கேன். யூஸ் பண்ணி தூக்கி போடற டிஸ்போசபிள் எல்லாம் இங்க தடை பண்ணிட்டதால இதுக்கு மாறினேன். ஆன்லைன்ல ஒரு பேட்டரி 3500 எம்ஏஹெச், 40 ஆம்பியர்னு போட்டு சீப்பா விக்கறாங்க. பக்கத்து கடைல கேட்டா 2500 எம்ஏஹெச், 20 ஆம்பியர் உள்ளத அதைவிட ஜாஸ்தி விலைக்கு சொல்றாங்க. கடைக்காரர் என்னை ஏமாத்தறாரா?

பதில்: இல்லீங்க, கடைக்காரர்தான் உண்மையை விக்கறார்!

முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கங்க. எம்ஏஹெச்ங்கறது பேட்டரிக்குள்ள எவ்வளவு சரக்கு இருக்குங்கறது, ஆம்பியர்ங்கறது அதை எவ்வளவு வேகமா வெளிய எடுக்கலாம்ங்கறது. மொட்டை மாடி டேங்க் பெருசா இருக்கறதும் அதுலேருந்து வர்ற பைப் பெருசா இருக்கறதும் வேற வேற இல்லையா, அந்த மாதிரி. டார்ச்சுக்கு டேங்க் முக்கியம், வேப்புக்கு பைப் முக்கியம், ஏன்னா உள்ள இருக்கற திரவத்தை சூடாக்கி ஆவியாக்கற காயில், பட்டனை அமுக்கின அந்த சில செகண்ட்ல பத்து இருபது ஆம்பியர் இழுக்கும். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், அதான் 18650ங்கற பேரு, கடைசி சைபர் உருளைன்னு சொல்றதுக்கு. இந்த சின்ன டப்பாவுக்குள்ள இடம் அளவுதான், சரக்கை ஜாஸ்தி அடைச்சா கரண்ட் போற வழி ஒடுங்கும், கரண்ட் ஜாஸ்தி வேணும்னா சரக்கை குறைக்கணும். அதனாலதான் 3500 எம்ஏஹெச் உள்ள பேர்போன செல் எதை எடுத்தாலும், சாம்சங் 35ஈ 8 ஆம்பியர், எல்ஜி எம்ஜே1 10 ஆம்பியர், இப்படித்தான் நிக்கும். 3500ம் 40 ஆம்பியரும் ஒரே ரேப்பர்ல பார்த்தீங்கன்னா அது ஏதோ ஒரு செல்லை வாங்கி மேல கலர் ரேப்பர் சுத்தி இஷ்டத்துக்கு நம்பர் அடிச்சதுன்னு வெச்சுக்கங்க.

பேட்டரி செல் நிஜமா தயாரிக்கற கம்பெனிங்க உலகத்துல ரொம்ப இல்ல. வேப் ஆளுங்க நம்பி வாங்கறது சாம்சங், எல்ஜி, பானாசோனிக் சான்யோ, முராட்டா, அப்புறம் தைவான்காரன் மோலிசெல், இவ்வளவுதான் திரும்பத் திரும்ப வரும். முராட்டான்னா பழைய சோனி தான், 1991ல முதன்முதலா லித்தியம் அயான் பேட்டரியை மார்க்கெட்டுக்கு கொண்டுவந்த அதே சோனி, 2017ல பேட்டரி பிசினஸை முராட்டாவுக்கு வித்துட்டாங்க. மத்தபடி பளபளன்னு பேர் போட்டு வர்றதுல முக்காவாசி இவங்க செல்லையோ இல்ல பேர் தெரியாத செல்லையோ வாங்கி சட்டை மாத்தினதுதான். சட்டை மாத்தினா கெட்டதுன்னு இல்ல, உள்ள இருக்கறது எதுன்னு உங்களுக்கு தெரியாது, அதான் பிரச்சினை.

வேப்புக்குன்னு ரொம்ப நாளா பேர் சொல்ற மாடல்னா சாம்சங் 25ஆர், 2500 எம்ஏஹெச் 20 ஆம்பியர். எல்ஜி ஹெச்ஜி2, 3000 எம்ஏஹெச் 20 ஆம்பியர். சாம்சங் 30க்யூவும் சோனி விடிசி6ம் 3000 எம்ஏஹெச் 15 ஆம்பியர், சோனி விடிசி5ஏ 2600 எம்ஏஹெச் 25 ஆம்பியர். விடிசி6க்கு 30 ஆம்பியர்னு சிலர் எழுதுவாங்க, அது செல் 80 டிகிரி சூடானா நிறுத்திடணும்ங்கற கண்டிஷனோட சொன்னது, அந்த கண்டிஷனை மட்டும் சௌகரியமா மறந்துடுவாங்க. மோலிசெல் பி26ஏ, பி28ஏ ரெண்டுக்கும் கம்பெனியே 35 ஆம்பியர் போடறான், அதுவும் டெம்பரேச்சர் கணக்கோட சேர்ந்ததுதான், நான் உங்க இடத்துல இருந்தா 25 தாண்ட மாட்டேன். பல்ஸ் ரேட்டிங், மேக்ஸ் ரேட்டிங்னு எது எழுதியிருந்தாலும் கண்ணை மூடிக்கங்க, கன்டினியூவஸ் டிஸ்சார்ஜ், அதாவது விடாம தொடர்ந்து எடுக்கறது, எவ்வளவுன்னு மட்டும் கேளுங்க. அமெரிக்காவுல பேட்டரி மூச்ங்கற பேர்ல ஒருத்தர் வருஷக்கணக்கா ஒவ்வொரு செல்லா வாங்கி டெஸ்ட் பண்ணி நிஜ ரேட்டிங்கை போட்டுட்டு வர்றார், வாங்கறதுக்கு முன்னாடி அவர் லிஸ்ட்ல அந்த மாடல் இருக்கான்னு பாத்துடுங்க.

இப்ப உங்க மாட் கணக்கு. எத்தனை வாட்ல வேப் பண்றீங்களோ அதை பேட்டரி எண்ணிக்கையால வகுங்க, அப்புறம் 3.2 வோல்ட்டால வகுங்க, ஏன்னா பேட்டரி இறங்க இறங்க மாட் அதே வாட்டை குடுக்க கரண்டை ஜாஸ்தி இழுக்கும், கடைசி நிலைமைக்குத்தான் கணக்கு போடணும். சர்க்யூட்ல வீணாகறதுக்கு 0.9ஆலயும் வகுத்துடுங்க. 80 வாட்னா பேட்டரிக்கு 40, அது கிட்டத்தட்ட 14 ஆம்பியர், தாராளமா ஓடும். 100 வாட்னா 17 சொச்சம். 150 வாட்ல வெச்சீங்கன்னா 26 தாண்டுது, 20 ஆம்பியர் செல்லுக்கு அது ஓவர். மெஷின்ல 200 வாட் வரைக்கும் நம்பர் ஏறுதுங்கறதுக்காக ஏத்தணும்னு ஒண்ணும் கட்டாயம் இல்லையே.

ரெண்டு செல்லையும் ஒரே கடைல, ஒரே நாள்ல, ஒரே மாடலா வாங்கி ஏ, பின்னு மார்க் பண்ணிடுங்க. போட்டா ரெண்டையும் சேர்த்து போடுங்க, சார்ஜ் பண்ணாலும் சேர்த்தே. ஒண்ணு மட்டும் பழசாகி இன்னொண்ணு புதுசா இருந்தா பழசு சீக்கிரம் காலியாகி அதோட தலை மேல புதுசு ஏறி மிதிக்கும், ரெண்டு செல்லும் சீரீஸ்ல, ஒண்ணு பின்னாடி ஒண்ணா, இருக்கற மாட்ல இதுதான் ரொம்ப மோசம்.

கேள்வி (கனடா, ஸ்கார்பரோ): என்ர மகனுக்கு இருபத்து மூண்டு வயசு. நாங்கள் எவ்வளவு சொல்லியும் வேப் பண்ணுறதை விடுறானில்லை. அதை விடுங்கோ, ரெண்டு மூண்டு பற்றரிய அப்பிடியே காற்சட்டைப் பொக்கெட்டுக்குள்ள திறப்போட சேர்த்துப் போட்டுக்கொண்டு திரியிறான். இது ஆபத்து எண்டு ஆரோ சொல்லிச்சினம். உண்மையோ?

பதில்: உண்மைதான் அம்மா, இந்த விஷயத்துல இதுதான் மோசமான பழக்கம், உங்க பையன்கிட்ட இந்த பக்கத்தையே காட்டுங்க.

அமெரிக்க அரசோட தீயணைப்புத் துறை 2009லேருந்து 2016 வரைக்கும் நடந்த ஈ சிகரெட் தீ, வெடிப்பு சம்பவங்களை திரட்டினாங்க, மொத்தம் 195. அதுல வாயில வெச்சு இழுக்கறப்ப நடந்தது 60, சார்ஜ்ல இருக்கறப்ப 48, பாக்கெட்டுக்குள்ள இருக்கறப்ப நடந்தது 61. எல்லாத்தையும்விட பாக்கெட்தான் ஒரு படி மேல நிக்குது பாருங்க. தொடையில தீக்காயம்னா ஆறவே மாசக்கணக்கு ஆகும், தோல் எடுத்து ஒட்டற அளவுக்கெல்லாம் போயிருக்கு.

ஏன் இப்படின்னா, நம்ம கடிகாரத்துக்கு போடற சாதா செல்லுக்கு மேல் முனை பாசிட்டிவ், கீழ் முனை நெகட்டிவ், அவ்வளவுதான்னு நினைச்சுக்கறோம். 18650ல அந்த இரும்பு டப்பா மொத்தமும் நெகட்டிவ். மேல பட்டன் மாதிரி இருக்கறது மட்டும் பாசிட்டிவ், அதை சுத்தி இருக்கற விளிம்பு வரைக்கும் நெகட்டிவ், நடுவுல ஒரு மில்லிமீட்டர் ரெண்டு மில்லிமீட்டர் இடைவெளி, அதை மூடிட்டு இருக்கறது ஒரு பேப்பர் வளையமும் மெல்லிசு பிளாஸ்டிக் ரேப்பரும். சாவியோ சில்லறையோ அந்த இடத்துல பட்டு ரெண்டையும் தொட்டா ஷார்ட் ஆயிடும், நூறு ஆம்பியர் கிட்ட பாய்ஞ்சு சில செகண்ட்ல உள்ள சூடு ஏறி, அப்புறம் அந்த சூடே இன்னும் சூட்டை கிளப்பி, நிறுத்தவே முடியாது. ஃபோன்ல லேப்டாப்ல எல்லாம் இதைத் தடுக்க ஒரு குட்டி சர்க்யூட் காவல் இருக்கும், வேப்புக்கு போடற தனி செல்லுல அது கிடையாது.

இதனாலதான் அமெரிக்காவோட நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2021 ஜனவரியில தனி 18650 செல்லை வாங்கவே வாங்காதீங்கன்னு பொதுவா எச்சரிக்கை குடுத்துட்டாங்க. செல் செய்யற கம்பெனிங்களும் இதே தான் சொல்லுது, இது பேக் கட்டி உள்ள வைக்கறதுக்கு செஞ்சது, தனியா ஆள் கையில குடுக்கறதுக்கு இல்லன்னு. வேப் உலகம் அதை காதுல போட்டுக்கல, அது வேற கதை.

பையனுக்கு ரெண்டு செல் போடற பிளாஸ்டிக் டப்பா ஒண்ணு வாங்கி குடுத்துடுங்க, ஒரு காபி விலை கூட வராது, திட்டறதைவிட இது வேலை செய்யும். அப்புறம் எப்பவாவது செல் கையில இருக்கறப்பவே கொதிச்சாலோ உஸ்ஸுன்னு சத்தம் வந்தாலோ யோசிக்காம வெளில தரைல தூக்கி வீசிட்டு தள்ளி போயிடணும், அந்த புகையை இழுக்கக் கூடாது, அது விஷம். தீ பிடிச்சா முதல்ல ஆளுங்களை வெளியேத்தி தீயணைப்புக்கு ஃபோன் பண்ணுங்க. சின்னதா இருந்து, தள்ளி நின்னே ஊத்த முடியும்னா நிறைய தண்ணி ஊத்தலாம். லித்தியம்னா தண்ணி கூடாதுன்னு பலபேர் நினைக்கறாங்க, ரீசார்ஜ் பண்ற லித்தியம் அயான்ல தண்ணிதான் சூட்டை இறக்கும்.

கேள்வி (மலேசியா, கிள்ளான்): அண்ணே, கூட்டாளி ஒருத்தன் மெக்கானிக்கல் மாட் ஒண்ணு குடுத்தான். காயில் 0.15 ஓம் கட்டி இருக்கு. நல்ல பேட்டரி எது போடலாம்?

பதில்: தம்பி, இதுக்கு நல்ல பேட்டரின்னு ஒண்ணு இல்ல, திருப்பி குடுத்துடு.

மெக்கானிக்கல் மாட்னா உள்ள சிப்பும் கிடையாது ஒண்ணும் கிடையாது, ஒரு உலோகக் குழாய், ஒரு பட்டன், நேரா பேட்டரியும் காயிலும். பள்ளிக்கூடத்துல படிச்ச ஓம் விதி ஞாபகம் இருக்கா, வோல்ட்டை ஓமால வகுத்தா ஆம்பியர். ஃபுல் சார்ஜ்ல செல் 4.2 வோல்ட், 0.15ஆல வகுத்தா 28 ஆம்பியர். நான் மேல சொன்ன லிஸ்ட்ல எந்த செல்லையும் மனசார 28க்கு விட மாட்டேன். இதுல பட்டன் சிக்கிக்கிச்சுன்னாலோ, காயில் உட்காந்திருக்கற மேல் பாகம், அட்டாமைசர், அடில இருக்கற பின் சரியா வெளிய நீட்டலன்னாலோ நேரா டெட் ஷார்ட், தடுக்கறதுக்கு உள்ள யாரும் இல்ல. குழாய் மூடியிருக்கறதால வாயு வெளிய போக வழி இல்லாம மொத்தமா ராக்கெட் மாதிரி பாயும். 2018ல ஃபுளோரிடாவுல செயின்ட் பீட்டர்ஸ்பர்க்ல ஒருத்தர் இப்படித்தான் செத்தார், அது மெக்கானிக்கல் மாட் தான், 2019 ஜனவரியில டெக்சஸ்ல ஃபோர்ட் வொர்த்ல 24 வயசு பையன் வேப் பென் வெடிச்சு துண்டு கழுத்து ரத்தக்குழாயை கிழிச்சு போயிட்டான்.

உள்ள சிப் இருக்கற சாதா ரெகுலேட்டட் மாட்ல ஷார்ட் ஆனா கட் ஆகும், செல்லை தலைகீழா போட்டா கட் ஆகும், வோல்டேஜ் ரொம்ப இறங்கினா கட் ஆகும். இதெல்லாம் இருக்கற ஒண்ணை விட்டுட்டு கூட்டாளி குடுத்தான்னு இதை ஏன் தூக்கிட்டு திரியணும்? அந்த கூட்டாளிகிட்டயும் சொல்லு.

கேள்வி (கோயம்புத்தூர்): ஏனுங்க, டார்ச் லைட்டுக்கு ஆன்லைன்ல 9800 எம்ஏஹெச் பேட்டரி ரெண்டு வாங்கினேன், ஒரு மணி நேரம் கூட எரிய மாட்டேங்குது. பழைய லேப்டாப் பேட்டரியை பிரிச்சு செல் எடுத்து போடலாமுங்களா?

பதில்: 9800ங்கறது பொய்ங்க. சுலபமா கிடைக்கிற நிஜமான 18650 எல்லாம் 3500, 3600ல நின்னுடும். கொஞ்சம் பெருசா வர்ற 21700 சைஸ்லயே பொதுவா 5000 சொச்சம்தான். 9800, 9900, 12000னெல்லாம் எழுதி பேரு ஃபயர்னு முடியற மாதிரி வர்றதை பாத்தா அப்படியே தள்ளி போயிடுங்க. சமையல்கட்டுல சின்ன டிஜிட்டல் தராசு இருந்தா நிறுத்து பாருங்க, நல்ல செல் 45 கிராமுக்கு பக்கத்துல இருக்கும், போலி செல் பலது முப்பது சொச்சம்தான் வரும். உள்ள சின்ன செல்லை வெச்சு மிச்ச இடத்துல ஏதாவது பொடியை அடைச்சிருக்கறதும் உண்டு. ஆனா எடை சரியா இருந்தா ஒரிஜினல்னு அர்த்தம் இல்ல, எடை குறைஞ்சா போலிங்கறது மட்டும் நிச்சயம்.

லேப்டாப் செல் விஷயத்துக்கு வருவோம். பிரிக்கறப்ப ஸ்க்ரூ டிரைவர் குத்தி தீ பிடிக்கறது ரொம்ப சகஜம், பழக்கம் இல்லன்னா கை வைக்காதீங்க. யாராவது பிரிச்சே வெச்சிருந்தாலும் வோல்ட்மீட்டர்ல ரெண்டு வோல்ட்டுக்கு கீழ காட்டறதை உயிர் குடுக்க பாக்காதீங்க, உள்ள செம்பு கரைஞ்சு போயிருக்கும், திரும்ப சார்ஜ் ஏத்தறப்ப அது முள்ளு மாதிரி வளர்ந்து உள்ளுக்குள்ளயே ஷார்ட் பண்ணும். நல்லா இருக்கறது சின்ன டார்ச்சுக்கு ஓடும். வேப்புக்கு மட்டும் கூடவே கூடாது, லேப்டாப் செல் நாலஞ்சு ஆம்பியருக்கு மேல தாங்காது.

உங்களுக்கு நான் சொல்றது, டார்ச்சுக்குன்னே ப்ரொட்டெக்டட் செல்னு விக்கும், அடில சின்ன சர்க்யூட் வெச்சு கொஞ்சம் நீளமா, எழுபது மில்லிமீட்டர் கிட்ட இருக்கும், உங்க டார்ச்சுல நீளம் பிடிக்குதான்னு மட்டும் பாத்துட்டு அதை வாங்கிக்கங்க.

கேள்வி (இங்கிலாந்து, லெஸ்டர்): பொங்கலுக்கு ஊருக்கு வரேன். வேப்பும் ஸ்பேர் பேட்டரியும் கொண்டு வரலாமா?

பதில்: வேப்பை வீட்டுலயே விட்டுட்டு வாங்க. இந்தியாவுல 2019 செப்டம்பர்ல அவசரச் சட்டம், டிசம்பர்ல முழுச் சட்டமாவே வந்தாச்சு, ஈ சிகரெட் தயாரிக்க, இறக்குமதி பண்ண, விக்க, ஸ்டாக் வைக்க, விளம்பரம் பண்ண எல்லாத்துக்கும் தடை. இறக்குமதி மாதிரி குத்தத்துக்கு முதல் தடவைக்கே ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில் இல்ல ஒரு லட்சம் வரைக்கும் அபராதம், ரெண்டும் சேர்ந்தும் வரலாம். ஒண்ணே ஒண்ணுதானே, சொந்த யூஸுக்குத்தானேன்னு ஏர்போர்ட்ல நின்னு வாதாடறதுக்கு பண்டிகை நாள் எதுக்கு?

தனி பேட்டரி, வேற எதுக்காவது வேணும்னா, கைப்பைல மட்டும். செக் இன் லக்கேஜ்ல தனி லித்தியம் பேட்டரி எந்த ஏர்லைன்லயும் கூடாது. ஒவ்வொண்ணையும் டப்பால போட்டு, இல்லன்னா முனைல டேப் ஒட்டி வைங்க. ஏர்லைன் வைக்கற 100 வாட் ஹவர்ங்கற லிமிட் பத்தி கவலை வேண்டாம், ஒரு 18650 ஒன்பதுலேருந்து பதிமூணுக்குள்ளதான் வரும்.

கேள்வி (லண்டன், ஈஸ்ட் ஹாம்): மாட்லயே யுஎஸ்பி குத்தி ராத்திரி ஃபுல்லா சார்ஜ் போடறேன். தப்பா? ஒரு செல்லுல ரேப்பர் லேசா கிழிஞ்சிருக்கு, செலோ டேப் ஒட்டிட்டேன்.

பதில்: ரெண்டுமே தப்பு.

செலோ டேப்பை எடுங்க முதல்ல. சூட்டுல பசை இளகி நகரும், அந்த கிழிசல் மேல் விளிம்புல இருந்தா என்ன ஆகும்னு ஸ்கார்பரோ அம்மாவுக்கு சொன்ன பதில்லயே இருக்கு. 18650க்குன்னே சுருங்கற பிவிசி ரேப்பர் பத்து பதினஞ்சா பாக்கெட்ல கிடைக்குது, பழசை கத்தி படாம உரிச்சு, மேல இருக்கற வளையத்தை மறக்காம திருப்பி வெச்சு, புது ரேப்பரை மாட்டி ஹேர் டிரையர்ல காட்டினா சுருங்கி பிடிச்சுக்கும். பல வேப் கடைல கேட்டா அவங்களே பண்ணி குடுப்பாங்க. செல்லோட டப்பால நசுங்கல் இருந்தா இந்த வேலையே வேண்டாம், அந்த செல்லை இனி யூஸ் பண்ணாதீங்க.

சார்ஜுக்கு தனி சார்ஜர் வாங்கிக்கங்க, நைட்கோர், எக்ஸ்டார் மாதிரி, ஒவ்வொரு செல்லையும் தனித்தனியா பாத்து 4.2 வோல்ட்ல நிறுத்தறது. மாட்ல இருக்கற யுஎஸ்பில ரெண்டு செல்லையும் சரிசமமா ஏத்துதாங்கறது அந்த மாட் செஞ்சவனுக்குத்தான் வெளிச்சம். ஒரு ஆம்பியர் போதும், மூணு மணி நேரம் நாலு மணி நேரம் ஆகும், ஆகட்டுமே. முழிச்சிருக்கறப்ப, கண் பார்வைல, மெத்தை சோபா மேல இல்லாம டைல்ஸ் மேல வெச்சு போடுங்க. தொட்டா கை சுடற அளவுக்கு செல் சூடாச்சுன்னா அது ஆயுசு முடிஞ்ச செல். கொஞ்ச நாள் யூஸ் பண்ணப் போறதில்லன்னா ஃபுல் சார்ஜ்ல வைக்காதீங்க, பாதில, 3.6 3.7 வோல்ட்ல வைங்க. வெயில்ல நிக்கற கார்ல வேண்டவே வேண்டாம்.

கேள்வி (திருச்சி): பழைய செல் ஒரு டப்பா நிறைய சேர்ந்துடுச்சு. குப்பைல போடலாமா?

பதில்: கூடாது. குப்பை லாரில அமுக்கறப்ப நசுங்கி தீ பிடிக்கும், ஊர் ஊரா இது நடந்துட்டு இருக்கு. ரெண்டு முனைலயும் டேப் ஒட்டுங்க. இந்தியாவுல 2022ல வந்த பேட்டரி கழிவு விதிப்படி திருப்பி வாங்கி முறையா அழிக்கற பொறுப்பு பேட்டரி விக்கற கம்பெனிக்குத்தான், அதனால வாங்கின இடத்துலயே கேளுங்க, இல்லன்னா லைசென்ஸ் உள்ள ஈ வேஸ்ட் ஆளுங்ககிட்ட குடுங்க. இங்கிலாந்து வாசகர்களுக்கு இன்னும் சுலபம், வேப் விக்கற கடையே பழசை திரும்ப வாங்கிக்கணும்னு அங்க விதி இருக்கு.

அதுவரைக்கும் அந்த டப்பா தகர டப்பாவா இருந்தா இன்னிக்கே பிளாஸ்டிக்குக்கு மாத்திடுங்க.